தட்டில் ஏறிய எண்கள்

நம் சங்க நூலகத்தில் யாரோ ஒரு அன்பர் குடும்பம் கொடுத்துவிட்டுப் போன பழைய இசைத்தட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்கிக்கொண்டிருந்தோம். கூட உதவிக்கு வந்த கல்லூரிப் பையன் ஒரு மேலைநாட்டுச் செவ்வியல் தட்டை எடுத்து நீட்டினான். "மாமா, உறை மேலே டிஜிட்டல் ரிக்கார்டிங்னு பெரிசா போட்டிருக்கு. உள்ளே வருஷம் 1980ன்னு இருக்கு. சி.டி. வந்ததே 1982ல்தானே? ரிக்கார்டுன்னா அனலாக்னு தானே எல்லாரும் சொல்றாங்க? அச்சுப் பிழையா?"

அச்சுப் பிழை இல்லை. 1971லிருந்து 1982 வரை, குறுந்தகடு கடைக்கு வருவதற்கு முன்பு, டிஜிட்டலில் பதிவான இசைக்கு வெளியே வர இருந்த பெரிய வாசல் கறுப்புத் தட்டுதான். அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணமும் உண்டு. நம் நாட்டில் அந்தக் காலம் கேசட்டின் காலம். மேல்நாட்டார் எண்களைத் தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நாம் பென்சிலைச் செருகி டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

முதலில் ஒரு தட்டு எப்படி உருவாகிறது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். பாடகர் பாடுவது மைக் வழியாக ஒரு தாய் நாடாவில் பதிவாகிறது. அந்த நாடாவை ஓடவிட்டு, லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் ஒரு லேத் இயந்திரம் சுருள் சுருளாக வரிப்பள்ளம் வெட்டுகிறது. நம் பட்டறை லேத்தின் அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்குப் பதில் ஒலியைச் செதுக்குகிறது, அவ்வளவுதான். அந்த லாக்கர் மேல் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து, அச்சு எடுத்து, அந்த அச்சில் பிளாஸ்டிக்கை வைத்து அழுத்தினால் தட்டு. கல்கத்தா டம்டம்மில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலையில் 1928 முதல் நடந்த வேலையும் சாராம்சத்தில் இதுதான். பள்ளத்தில் இருப்பது என்றைக்கும் அனலாக் அலைதான். முள்ளுக்கு எண் தெரியாது. ஆனால் லேத்துக்கு முன்னால் இருக்கும் நாடா எப்படிப்பட்டதாகவும் இருக்கலாம். மாற்றம் நுழைந்தது அங்கேதான்.

அந்தத் தாய் நாடாவில்தான் தொல்லையும் இருந்தது. காந்த நாடாவுக்கு இயல்பாகவே ஒரு 'உஸ்' உண்டு. 1960களின் நடுவில் டால்பி முறை வந்து அதை ஓரளவு அடக்கியது, ஒழிக்கவில்லை. நாடா ஓடும் வேகம் இம்மியளவு கூடிக் குறைந்தாலும் பியானோவின் நீண்ட ஸ்வரம் நடுங்கும். சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதால், பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் மெல்லக் கேட்கும். (பழைய எல்.பி.யில் முதல் சொல்லுக்கு முன்னால் ஆவி மாதிரி ஒரு குரல் கேட்டிருப்பீர்கள். அதில் நாடாவின் பங்கும் உண்டு, பக்கத்துப் பள்ளத்தின் பங்கும் உண்டு.) இது போதாதென்று, ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் தரம் ஒரு படி இறங்கும்.

இதற்குச் சிலர் கண்ட வைத்தியம், நாடாவையே தூக்கி எறிவது. கலைஞர்கள் வாசிக்க வாசிக்க நேராக லேத்தில் வெட்டிவிடுவது. அமெரிக்காவின் ஷெஃபீல்டு லேப் என்ற சிறு நிறுவனம் 1970களில் இதில் பெயர் வாங்கியது. ஒலி அற்புதம்தான். ஆனால் ஒரு பக்கம் முழுவதையும் மூச்சு விடாமல், ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தாக வேண்டும். பதினேழாவது நிமிடத்தில் யாராவது தும்மினால் மறுபடி முதலிலிருந்து. அந்த லாக்கரிலிருந்து எடுக்கக்கூடிய அச்சுகளுக்கும் கணக்கு உண்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான். பெரும் நிறுவனங்கள் இதை வைத்துப் பிழைக்க முடியாது.

ஒலியை எண்ணாக மாற்றலாம் என்ற யோசனை இதற்கெல்லாம் ரொம்ப முந்தியது. 1937ல் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பாரிஸில் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது கண்டது. ஒலி அலையின் உயரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாக எழுதி, அந்த எண்களை 0, 1 என்ற துடிப்புகளாக அனுப்பினால், வழியில் எவ்வளவு இரைச்சல் சேர்ந்தாலும் மறுமுனையில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும், ஒலியைப் பழையபடி கட்டிவிடலாம். இதற்குப் பி.சி.எம். என்று பெயர். காப்புரிமை கிடைத்தது. ஆனால் அன்றைய வால்வுகளை வைத்து அதைக் கட்டி நடத்துவது கட்டுப்படியாகவில்லை.

கட்டுப்படி பார்க்காத ஒரே இடம் போர்க்களம். 1943ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிக்சாலி என்ற ரகசியத் தொலைபேசியை அமைத்தது. வாஷிங்டனில் ஒன்று, லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் அடித்தளத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 55 டன். தலைவர்களின் பேச்சை எண்ணாக்கி, அதன் மேல் தற்செயலான இரைச்சல் எண்களைக் கலந்து அனுப்புவார்கள். மறுமுனையில் அதே இரைச்சலைக் கழித்தால் பேச்சு வரும். அந்த இரைச்சல் எதில் இருந்தது தெரியுமா? இசைத்தட்டில்! வெற்றிடக் குழாய்களின் இரைச்சலைப் பதிவு செய்து, ஒரே மாதிரி இரண்டு தட்டுகள் மட்டும் எடுத்து, கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஒரே கணத்தில் சுழல விடுவார்கள். ஒரு முறை பயன்படுத்தியதும் அழித்துவிட வேண்டும். ஆக, தட்டும் எண்ணும் சந்தித்தது 1971க்கு முன்பே, இசைக்காக அல்ல, ரகசியத்துக்காக. இது பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருந்தது.

இசைக்கு வந்த கதை ஜப்பானில் தொடங்குகிறது. அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தில் ஹெய்தாரோ நகஜிமாவின் குழு 1967ல் ஒற்றைத் தட பி.சி.எம். பதிவுக் கருவி ஒன்றைச் செய்துகாட்டியது. 1969ல் ஸ்டீரியோவும் வந்தது: வினாடிக்கு 32,000 அளவுகள், ஒவ்வொன்றும் 13 பிட். 13 பிட் என்றால் ஒலியின் உயரத்தை 8,192 படிகளில் ஒன்றாகக் குறிக்கிறோம் என்று பொருள். பிட் ஒன்று கூடினால் படிகள் இரட்டிக்கும், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 6 டெசிபல் இடைவெளி கூடும்.

எண்களை எதில் எழுதுவது என்பதுதான் பெரிய கேள்வி. வினாடிக்குப் பத்து லட்சம் பிட்டுக்கு மேல் சாதாரண ஒலிநாடாவில் எழுத முடியாது. ஆனால் அவ்வளவு விரைவான துடிப்புகளை எழுதும் ஒரு கருவி ஏற்கெனவே ஒலிபரப்பு நிலையங்களில் இருந்தது: தொலைக்காட்சியின் வீடியோ டேப் இயந்திரம். எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, அது ஒரு படம் என்று இயந்திரத்தை நம்பவைத்துவிட்டால் ஆச்சு. ஏமாற்று வேலைதான். அதன் பிறகு இருபது ஆண்டு டிஜிட்டல் ஒலியில் பெரும்பகுதி இந்த ஏமாற்றின் மேல்தான் நின்றது.

டெனான் என்ற பெயரில் தட்டு வெளியிட்ட நிப்பான் கொலம்பியா நிறுவனம் என்.எச்.கே.யின் கருவியை இரவல் வாங்கியது. அதில் பதிவு செய்து 1971ல் வெளிவந்தவைதான் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் மார்கஸின் 'சம்திங்' தட்டும், தாளக் கலைஞர் ஸ்தோமு யமாஷ்தாவின் தட்டும். விற்பனைக்கு வந்த முதல் டிஜிட்டல் பதிவுகள் இவைதான் என்று வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். வாங்கியவர்கள் கையில் இருந்தது வழக்கமான கறுப்புத் தட்டு. வித்தியாசம் எதுவும் தெரிந்திருக்காது.

இரவல் போதாது என்று அவர்கள் சொந்தமாகச் செய்த கருவி டி.என்.-023ஆர். 1972ல் வந்தது. எட்டுத் தடம், 13 பிட், வினாடிக்கு 47,250 அளவு. இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? அந்நாட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் வினாடிக்கு 15,750 கோடுகள். கோட்டுக்கு மூன்று அளவு வைத்தால் 47,250. இசையின் நுணுக்கத்தைத் தீர்மானித்தது காது இல்லை, தொலைக்காட்சிப் பெட்டி! எட்டுத் தடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 49 லட்சம் பிட். அதற்கு இரண்டு அங்குல அகல வீடியோ நாடாவும், நான்கு தலைகள் சுழலும் ஒலிபரப்பு இயந்திரமும் தேவைப்பட்டன. தூக்கிக்கொண்டு போகிற சாமான் இல்லை அது.

1972 ஏப்ரல் 24 முதல் 26 வரை டோக்கியோவின் அவோயாமா டவர் ஹாலில் செக் நாட்டு ஸ்மெத்தானா நால்வர் குழு மோட்ஸார்ட்டின் இரண்டு நால்வரிசைகளை இந்தக் கருவிக்காக வாசித்தது. எனக்கு இந்தத் தேர்வு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது. வீடியோ நாடாவை, ஒலிநாடா மாதிரி பிளேடால் வெட்டி ஒட்டித் திருத்த முடியாது. வெட்டினால் படத்தின் ஒழுங்கு சிதறும், எண்கள் குலையும். ஆகவே நீளமாக, நின்று வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஸ்மெத்தானா குழுவோ ஸ்வரத்தாள் எதிரே வைக்காமல் மனப்பாடமாகவே வாசிப்பதற்குப் பெயர் போனது. இயந்திரத்தின் குறையை மனிதப் பயிற்சி ஈடுகட்டியது. 1974ல் கருவியை ஐரோப்பாவுக்கு எடுத்துப்போய் அங்குள்ள கலைஞர்களையும் பதிவு செய்தார்கள். 1977ல் அடுத்த கருவியோடு நியூயார்க் போய் ஆர்ச்சி ஷெப் என்ற ஜாஸ் கலைஞரைப் பதிவு செய்தார்கள்.

அமெரிக்காவின் கதை வேறு ஒரு மூலையிலிருந்து வருகிறது. யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்ஹாம். 1974ல் நிக்ஸனின் வாட்டர்கேட் நாடாவில் பதினெட்டரை நிமிடம் காணாமல் போனதை ஆராய நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவில் இருந்தவர். அவருடைய இன்னொரு ஆர்வம், பழைய கிராமபோன் பதிவுகள். இத்தாலியப் பாடகர் கருசோ பாடிய காலத்தில் மைக் கிடையாது, தகரக் கூம்புக்குள் பாடுவார்கள். அந்தக் கூம்பின் குணம் குரலில் ஒட்டிக்கொண்டுவிடும். கூம்பின் குணத்தைக் கணிதத்தால் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் குரல் மட்டும் மிஞ்சாதா என்று ஸ்டாக்ஹாம் பார்த்தார். கணினியில் அப்படித் துடைத்த கருசோவின் பாடல்கள் 1976ல் ஆர்.சி.ஏ. தட்டாக வந்தன. பழைய தட்டு எண்ணாகி, எண் மறுபடி தட்டாகி, முழு வட்டம்.

அவர் 1975ல் சால்ட்லேக் சிட்டியில் தொடங்கிய சவுண்ட்ஸ்ட்ரீம் நிறுவனம் வீடியோ ஏமாற்றைத் தவிர்த்தது. விஞ்ஞான அளவீடுகளுக்கு ஹனிவெல் செய்த நாடா இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, 16 பிட்டில் பதிவு செய்தது. 16 பிட் என்றால் 65,536 படிகள். ஆரம்பத்தில் வினாடிக்கு 37,500 அளவு. கிளீவ்லாந்தில் டெலார்க் என்ற சிறு நிறுவனம் நடத்திய ஜாக் ரென்னரும் ராபர்ட் வுட்ஸும், மேல்ஸ்தாயி போதவில்லை, இன்னும் மேலே போக வேண்டும் என்று கேட்க, ஸ்டாக்ஹாம் 50,000க்கு உயர்த்திக் கொடுத்தார். பொறியாளர் சொன்னதை இசைக்காரர் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம். இங்கே தலைகீழ்.

1978 ஏப்ரல் 4, 5 தேதிகளில் கிளீவ்லாந்தின் செவரன்ஸ் ஹாலில் ஃப்ரெடரிக் ஃபென்னல் நடத்திய காற்றுக்கருவிக் குழுவை அவர்கள் பதிவு செய்தார்கள். ஹோல்ஸ்டின் இசை. அந்தத் தட்டில் பெரிய மத்தளம் விழும் இடங்கள் ஒலிப்பெருக்கிக் கடைகளில் பிரசித்தம். நாடாவின் இரைச்சல் இல்லாத அமைதியிலிருந்து திடீரென்று அடி விழும். அடுத்த ஆண்டு எரிக் குன்ஸெல் நடத்திய சைக்கோவ்ஸ்கியின் '1812' வந்தது. அதில் நிஜப் பீரங்கி. தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் பீரங்கி வெடிக்கும் இடங்களில் பள்ளம் வளைந்து ஆடியிருப்பது கண்ணுக்கே தெரியும். பல வீடுகளில் முள் அந்த இடத்தில் தாவிக் குதித்தது. ஒலிப்பெருக்கி பத்திரம் என்று எச்சரிக்கையும் போட்டிருந்தார்கள். எண் பதிவுசெய்ததைப் பள்ளம் தாங்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சவுண்ட்ஸ்ட்ரீம் செய்த இன்னொரு காரியத்தை ஒலிப்பதிவுத் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நாடாவிலிருந்த எண்களை ஒரு பி.டி.பி.-11 கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அலையைத் திரையில் பார்த்து, வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டினார்கள். இன்று மடிக்கணினியில் செய்கிற அதே வேலை. ஆனால் அன்று அதற்காகத் தாய் நாடாவோடு சால்ட்லேக் சிட்டி போக வேண்டும். அந்த நிறுவனம் மொத்தம் செய்த பதிவுக் கருவிகள் இருபதைத் தாண்டவில்லை.

அதே சமயம் மின்னெசோட்டாவில் ஒட்டு நாடாவுக்குப் பெயர் போன 3எம் நிறுவனமும் களத்தில் இறங்கியது. அன்றைக்கு உண்மையான 16 பிட் மாற்றி கிடைக்கவில்லை. 12 பிட் மாற்றி ஒன்றையும் 8 பிட் ஒன்றையும் ஜோடி சேர்த்துச் சமாளித்தார்கள். 1978 ஜூனில் மினியாபொலிஸின் சவுண்ட் 80 கூடத்தில் மாதிரிக் கருவியை வைத்துச் சோதனை நடந்தது. செயின்ட் பால் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா டென்னிஸ் ரஸ்ஸல் டேவிஸ் தலைமையில் கோப்லாந்தின் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' வாசித்தது. அந்தத் தட்டு 1980ல் கிராமி விருது வாங்கியது. டிஜிட்டல் பதிவுக்குக் கிடைத்த முதல் கிராமி.

அதே கூடத்தில் ஃப்ளிம் அண்ட் த பி.பி.ஸ் என்ற ஜாஸ் குழுவையும் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் நேராக லேத்தில் வெட்டு, இன்னொரு பக்கம் மாதிரிக் கருவியில் எண். வெளிவந்தது நேரடியாக வெட்டிய தட்டு. பிறகு விற்பனைக்கான இயந்திரங்கள் தயாரானபோது மாதிரிக் கருவியைக் கழற்றிவிட்டார்கள். புதிய இயந்திரத்தில் பழைய நாடா ஓடாது. எண்கள் அழியாது, நகல் எடுத்தாலும் தேயாது என்று சொல்லிச் செய்த பதிவு, வாசிக்க இயந்திரம் இல்லாமல் ஊமையாகிவிட்டது. தேயும், கீறும் என்று ஏசப்பட்ட தட்டு இன்றைக்கும் எந்த வீட்டிலும் பாடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அன்றைய கருவிகள் ஒன்றுக்கொன்று மொழி தெரியாதவை. டெனானுக்கு 47,250. சவுண்ட்ஸ்ட்ரீமுக்கு 50,000. லண்டன் டெக்கா நிறுவனம் சொந்தமாகச் செய்த கருவிக்கு 48,000. மிட்சுபிஷியின் எக்ஸ்-80க்கு 50,400. பாபேல் கோபுரம்தான்! ஒரு நிறுவனத்தின் நாடாவை இன்னொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் போட வழியே இல்லை. எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக இருந்த ஒரே இடம், கடைசியில் வெட்டப்படும் தட்டு. அது எந்த ஊர் எண்ணையும் ஒரே பள்ளமாக்கிவிடும்.

டெக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. 1979 ஜனவரி 1ஆம் தேதி வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரியைத் தங்கள் கருவியில் நேரடியாகப் பதிவு செய்து அதே ஆண்டில் தட்டாக வெளியிட்டார்கள். 1955 முதல் அந்தக் கச்சேரியை நடத்திவந்த வில்லி போஸ்கோவ்ஸ்கிக்கு அதுவே கடைசிப் புத்தாண்டு. ஐரோப்பியப் பெருநிறுவனம் ஒன்றின் முதல் டிஜிட்டல் தட்டு, ஒரு விடைபெறுதலின் பதிவாகவும் அமைந்துவிட்டது.

மெல்லிசைப் பக்கம், 1979ல் ரை கூடரின் 'பாப் டில் யூ டிராப்' 3எம்மின் 32 தடக் கருவியில் பதிவானது. பெரிய நிறுவனம் வெளியிட்ட பாப் தட்டுகளில் முழுக்க டிஜிட்டலில் பதிவான முதலாவது என்று அதைச் சொல்வார்கள். இந்த ரை கூடரை நாம் வேறு விதமாகவும் அறிவோம். ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையோடு அவர் வாசித்த 'எ மீட்டிங் பை த ரிவர்' 1993ல் வந்து கிராமி வாங்கியது. அதைப் பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். வால்வு மின்சுற்று, அனலாக் நாடா என்று பிடிவாதமாகப் பழைய வழியிலேயே பதிவு செய்கிறவர் அவர். டிஜிட்டலில் முதலில் குதித்த கலைஞர், பதினாலு வருஷம் கழித்துப் புகழ் பெற்றது வால்வுகளின் நடுவே. இதிலிருந்து எந்தக் கட்சிக்கும் வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பதிவையும் பெரும்பாலோர் கேட்டது சி.டி.யில்தான்!

நகஜிமாவை விட்டுவிட்டோம். அவர் 1971ல் சோனிக்கு மாறினார். 1977ல் சோனி வீட்டு வீடியோ ரிக்கார்டரோடு இணைக்கும் பி.சி.எம்.-1 பெட்டியை வெளியிட்டது. 1978ல் ஸ்டூடியோக்களுக்கு பி.சி.எம்.-1600. 16 பிட், யு-மாட்டிக் வீடியோ கேசட்டில் பதிவு. உலகம் முழுக்கத் தட்டு நிறுவனங்கள் இதை வாங்கின. ஸ்டீவி வொண்டரின் 1979 தட்டு, சி.பி.எஸ். நிறுவனத்தின் செவ்வியல் தட்டுகள் என்று பட்டியல் நீளும். மும்பையில் பிறந்த சுபின் மேத்தா நியூயார்க் பில்ஹார்மானிக்கை வைத்துச் செய்த ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பெத்ருஷ்கா' அந்த நிறுவனத்தின் தொடக்க டிஜிட்டல் தட்டுகளில் ஒன்று.

இன்று உலகம் அறிந்த 44,100 என்ற எண் பிறந்ததும் இந்த வீடியோ ஏமாற்றில்தான். ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சியில் வினாடிக்கு 60 பாதிப்படங்கள். ஒவ்வொன்றிலும் 245 கோடுகளைப் பயன்படுத்தி, கோட்டுக்கு மூன்று அளவு வைத்தால் 60ஐ 245ஆலும் 3ஆலும் பெருக்க 44,100. ஐரோப்பாவிலும் நம் தூர்தர்ஷனிலும் வினாடிக்கு 50 பாதிப்படங்கள். அங்கே 294 கோடுகள், கோட்டுக்கு மூன்று. பெருக்கிப் பாருங்கள், அதே 44,100. இரண்டு உலகத் தொலைக்காட்சிக்கும் பொதுவாக ஒரு எண் அமைந்தது அதிர்ஷ்டமா தேடலா, எப்படியோ பொருந்திவிட்டது. பிலிப்ஸும் சோனியும் 1980ல் குறுந்தகட்டின் விதிகளை எழுதியபோது அதே எண்ணை வைத்தார்கள். 1982 அக்டோபர் 1ஆம் தேதி ஜப்பானில் குறுந்தகடு கடைக்கு வந்தது. அன்று முதல் எண்ணுக்குத் தட்டு தேவைப்படவில்லை.

லேத்தைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி. வெகு பேருக்குத் தெரியாதது இது. உரத்த தாழ்ஸ்தாயி வரும்போது பள்ளம் அகலமாக ஆடும். அடுத்த சுற்றில் வரப்போகும் ஆட்டத்துக்கு இப்போதே இடம் விட்டு வெட்டவில்லை என்றால் ஒரு பள்ளம் இன்னொன்றின் மேல் ஏறிவிடும். எல்லா இடத்திலும் தாராளமாக இடம் விட்டால் பக்கத்துக்குப் பத்து நிமிடம்தான் கொள்ளும். ஆகவே லேத்துக்கு எதிர்காலம் கொஞ்சம் தெரிய வேண்டும். தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 வினாடி. அந்த அளவில் முன்கூட்டியே சேதி வர வேண்டும். இதற்காக நாடா இயந்திரத்தில் இரண்டு தலைகள் வைத்தார்கள். முன்னால் இருப்பது லேத்துக்குச் சேதி சொல்லும், பின்னால் இருப்பது வெட்டும் முனைக்கு ஒலி அனுப்பும்.

சுழலும் தலை கொண்ட வீடியோ இயந்திரத்தில் இப்படி இன்னொரு தலை வைப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் ஒலியை எண்ணாகவே ஒரு நினைவகப் பெட்டியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். நேரே வந்த ஒலி லேத்துக்குச் சேதி, தாமதமாக வந்த ஒலி வெட்டும் முனைக்கு. பெட்டி வசதியாக இருந்தது. 1970களின் கடைசியில் ஆம்பெக்ஸ் போன்ற நிறுவனங்கள் இதையே தனிச் சாமானாக விற்றன. பல வெட்டுக்கூடங்கள் சாதாரண அனலாக் நாடாவுக்கும் அதையே மாட்டிவிட்டன. கலைஞர் வாசித்தது அனலாக், பதிவானது அனலாக், கலந்தது அனலாக். கடைசி ஒரு வினாடியில் மட்டும் எண்ணாகி மறுபடி அலையாகி வெட்டுப்பட்டது. உறையில் ஒரு எழுத்தும் இருக்காது. 1980களின் தட்டுகளில் சுத்த அனலாக் எது என்று உறையைப் பார்த்து யாராலும் சத்தியம் செய்ய முடியாததற்குக் காரணம் இந்தச் சின்னப் பெட்டி.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஷெஃபீல்டு லேபின் டக் சாக்ஸ் போன்ற தேர்ந்த காதுக்காரர்கள் தொடக்க டிஜிட்டலின் ஒலி கடுமையாக, வயலின்கள் கண்ணாடி மாதிரி இருப்பதாகச் சொன்னார்கள். அதில் உண்மை இருந்தது. அன்றைய மாற்றிகளும், மேல்ஸ்தாயியைச் சட்டென்று வெட்டும் வடிகட்டிகளும் கரடுமுரடானவை. மெல்லிய ஒலி கடைசிப் படிக்கு இறங்கும்போது ஏற்படும் சிதைவைச் சிறு இரைச்சல் கலந்து தீர்க்கும் வித்தை எல்லாருக்கும் கைவரவில்லை. இன்னொரு பக்கம், டிஜிட்டல் இசை கேட்டால் உடம்பு தளர்கிறது என்று 1980ல் ஜான் டயமண்ட் என்ற மனநல மருத்துவர் கட்டுரை எழுதினார். கையை நீட்டச் சொல்லி, இசை கேட்கும்போது கீழே அழுத்திப் பார்க்கிற சோதனை! இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. முதல் குறையைப் பொறியாளர்கள் பத்து வருஷத்தில் தீர்த்தார்கள்.

ஆனால் கேள்வி முடியவில்லை. எல்.பி. மறுபடி எழுந்தது. 2022ல் அமெரிக்காவில் விற்ற எண்ணிக்கையிலேயே குறுந்தகட்டை முந்தியது, 1987க்குப் பிறகு முதல் முறை. அதே 2022 ஜூலையில் ஒரு செய்தி வெடித்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், அசல் தாய் நாடாவிலிருந்து வெட்டியது என்று நம்பவைத்து உயர்ந்த விலைக்கு விற்ற தட்டுகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பதை நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வழக்கு நடந்தது. 2023ல் 2.5 கோடி டாலர் அளவுக்குச் சமரசம் பேசினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அனலாக் பக்தர்களில் பலர் அந்தத் தட்டுகளைத்தான் பல ஆண்டுகளாக 'இதுதான் அசல் ஒலி' என்று கொண்டாடி வந்தார்கள். காது ஏமாறவில்லை, கேட்டது நல்ல ஒலிதான். ஏமாந்தது நம்பிக்கை. 1979ல் டெலார்க்கும் டெக்காவும் டிஜிட்டல் என்று உறையில் பெருமையாகப் போட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து அதே சொல்லைச் சொல்லாமல் விட்டதற்கு வழக்கு.

அந்தப் பையனுக்கு இவ்வளவையும் அன்று சொல்லவில்லை. "அச்சுப் பிழை இல்லைப்பா, எண்ணாகப் பதிவு பண்ணி, பள்ளமா வெட்டினது" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். தட்டைப் போட்டுக் கேட்டோம். நடுவில் ஒரு இடத்தில் கீறல் இருந்தது, டிக் டிக் என்று வந்துகொண்டே இருந்தது. உறையைத் திருப்பினால், பின்புறம் சிறிய எழுத்தில் பதிவுக் கருவியின் பெயரும் வினாடிக்கு எத்தனை அளவு என்பதும் போட்டிருந்தது. சங்க நூலகப் பதிவேட்டில் தலைப்பு, கலைஞர் பெயரோடு அதையும் எழுதிவைக்கச் சொன்னேன். வீட்டுப் பரணில் இப்படித் தட்டு வைத்திருக்கும் அன்பர்கள் கொண்டுவந்தால், உறையில் உள்ள அந்த ஒரு வரியையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறோம்.